காணாமப் போன ஹேண்ட்பிரேக் கைப்பிடியும் வேதாளை பக்கத்து போட் பட்டறையும்

மொதல்லயே மார்க் போட்டுடுறேன். வேலைக்கு பத்துக்கு ஒம்பது. சொன்ன தேதிக்குக் குடுக்குறதுல பத்துக்கு ரெண்டு, அதுவும் ஒவ்வொரு தடவ போகும்போதும் டீ வாங்கிக் குடுத்தாங்களே அதுக்காக. கடைக்கு போர்டு கிடையாது. ராம்நாடு மண்டபம் ரோட்ல வேதாளை பக்கம் ஒரு தகர செட்டு, வாசல்ல மூக்கு ஒடஞ்ச புரொப்பல்லரா கெடக்கும், அதான் அடையாளம். விசைப்படகு ஷாப்டு நிமித்துறது, புதுசா கடையுறது, இதான் அவங்க தொழில். ஜீப்பு வேலை பாக்குற எடமே இல்ல, நான்தான் வேற வழியில்லாம போய் நின்னேன்.

வண்டி மஹிந்திரா சிஜே3பி. பானட்டு மட்டும் உசரமா தூக்கிக்கிட்டு நிக்குமே அந்த ஜீப்பு. 1953ல வில்லிஸ்காரன் கொண்டு வந்தது, ஹரிக்கேன் இன்ஜின் உசரம் ஜாஸ்தியா இருந்ததால பானட்டையும் தூக்கிட்டான், அமெரிக்காவுல 1968லயே நிறுத்தியாச்சு, இங்க மஹிந்திரா அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு ஓட்டுனாங்க. என்னோடதுல அந்த பெட்ரோல் இன்ஜின் எப்பவோ போயி டீசல் ஒக்காந்திருக்கு. உச்சிப்புளி பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர்கிட்ட வாங்குனேன். ஓட்டிப் பாத்துட்டு "ஹேண்ட்பிரேக் எங்கண்ணே"ன்னேன். சீட்டுக்கு அடியில கைய விட்டு ஒரு பனங்கட்டைய எடுத்து "இந்தா இருக்குல்ல"ன்னாரு. டேஷ்போர்டுக்கு கீழ கைப்பிடி இருக்க வேண்டிய எடத்துல வெறும் குழா, உள்ள கேபிள் நுனியில வலைக்கயிறு முடிச்சு.

நம்ம ஊரு தரைமட்டம், மேடே கிடையாது, ஹேண்ட்பிரேக் எதுக்குன்னு நானும் ஒரு வருஷம் ஓட்டிட்டேன். ஆனா பாம்பன் ரோட்டுப்பாலம் இருக்கே. ஞாயித்துக்கிழமை பாலத்து ஏத்தத்துல டூரிஸ்ட் வண்டியெல்லாம் ஊந்துக்கிட்டு நிக்குது, முன்னாடி பஸ்ஸு, பின்னாடி புத்தம்புது காரு, எனக்கோ இருக்குறது ரெண்டே காலு, கிளட்சு பிரேக்கு ஆக்ஸிலேட்டர்னு மூணு வேலை. வண்டி ஒரு முழம் பின்னால போச்சு. பின்னாடி இருந்தவரு அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு. அப்புறம் ஆர்சி ரினிவல் வேற வந்துச்சு. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா காட்டணும்ல, பிரேக் இன்ஸ்பெக்டர் மொத வேலையா ஹேண்ட்பிரேக்க இழுங்கன்னா நான் வலைக்கயித்தயா இழுக்குறது?

இந்த ஜீப்புல ஹேண்ட்பிரேக் சக்கரத்துல பிடிக்காது. டிரான்ஸ்பர் கேஸ்னு, இன்ஜின் விசைய முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி, அதுக்குப் பின்பக்கம் தனியா ஒரு சின்ன டிரம் இருக்கும், பின் ஆக்ஸிலுக்கு சுத்த கொண்டு போற தண்டு, அதான் புரொப்பல்லர் ஷாப்டு, அத இந்த டிரம்முதான் பிடிக்கும். பின் ஆக்ஸில் ரேஷியோ 5.38, அதாவது ஷாப்டு 5.38 சுத்து சுத்துனாதான் சக்கரம் ஒரு சுத்து, அதனால டிரம்முல பிடிக்குற பிடி சக்கரத்துக்குப் போகும்போது அஞ்சு மடங்குக்கு மேல ஆகிடும். சரியா இருந்தா மாடு மாதிரி நிக்கும். ஆனா ஓடும்போது இழுத்தா போச்சு, ஷாப்டு மூட்டுல இருக்குற ஜாயின்ட் கிராஸ் ஒடிஞ்சு கையில வந்தாலும் வரும். இன்னொண்ணு, பின் சக்கரம் ஒண்ண ஜாக்கி போட்டுத் தூக்கிட்டா இந்த பிரேக்க நம்பவே கூடாது, டிப்ரென்ஷியல் அந்தரத்துல நிக்குற சக்கரத்த சுத்த விட்டுட்டு தரையில இருக்குறத உருள விட்டுடும். அதனால பனங்கட்டைய நான் இன்னும் தூக்கிப் போடல.

கைப்பிடிக்கு மொதல்ல ஆன்லைன்ல போட்டேன். கடை பேரு வேணாம். "சிஜே எல்லாத்துக்கும் சேரும்"னு போட்டிருந்தான், 1,450 ரூபா, கூரியர் தனி. பாக்க பளபளன்னு குரோமியம். குழாக்குள்ள போகுது, இழுத்தா டர்ர்ருன்னு சத்தமும் வருது, ஆனா நிக்கல. கம்பியில ஒரு பக்கம் மட்டும் ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், இழுக்க இழுக்க குழாவுல இருக்குற நாக்கு பல்லுல விழுந்து பிடிச்சுக்கும், கைப்பிடிய கால் சுத்து திருப்புனா பல்லு விலகி உள்ள போயிடும். இதுல பல்லுக்கும் நாக்குக்கும் இடைவெளி ஒத்து வரல, பாதி பல்லுல மொட்டையா ஒக்காருது, லேசா தட்டுனா வழுக்குது. திருப்பி அனுப்புறேன்னா பிட்டிங் பண்ண சாமான எடுக்க மாட்டோங்குறான். பிட்டிங் பண்ணாம எப்படிய்யா தெரியும்? அப்படியே போட்டு வச்சிருந்தேன், கச்சான்னு சொல்ற மேகாத்துல ரெண்டு வாரம் நிக்கல, குரோமியத்துல பொட்டுப் பொட்டா துரு.

அப்பதான் வல்லம்னு நாட்டுப்படகு வச்சிருக்க என் மச்சான், ஷாப்டு கடையுறவங்களுக்கு இது ஒரு வேலையாடான்னு இங்க இழுத்துட்டு வந்தான். பட்டறை பாய்க்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். புரொப்பல்லர் ஷாப்ட பிடிக்குற பிரேக்குக்கு கைப்பிடின்னு நான் ஆரம்பிச்சதும் கண்ணாடிய கழட்டிட்டாரு. "புரொப்பல்லருக்கு பிரேக்கா தம்பி? கடல்ல அந்த வசதி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்"னு மகனப் பாத்து சிரிக்கிறாரு. வண்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்த பிறகுதான் வெளங்குச்சு. குழாவ கழட்டச் சொன்னாரு. ஆன்லைன் கம்பிய வாங்கி நகத்தால பல்லு பல்லா தடவிப் பாத்துட்டு ஓரமா வச்சாரு, அப்புறம் அதத் தொடவே இல்ல. நாக்க மட்டும் வெர்னியர்ல அளந்து சிகரெட் அட்டையில எழுதிக்கிட்டாரு.

"ரெண்டு நாள்ல வாங்க." நான் போனது மே மாசம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம், இருக்குற போட்டு எல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிக்குற நேரம், அதுல என் ஜீப்பு கைப்பிடிய யாரு சீந்துவா. ரெண்டு நாளு பதினொரு நாளாச்சு. நாலு தடவ போனேன், நாலு தடவயும் டீ.

குடுத்தது என்னமோ சாமான்தான். போட்டு ஷாப்டு வெட்டுன மிச்ச எஸ்எஸ் கம்பி, அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 ரகம்னாரு. உப்புக்கு 304 விட 316 நல்லா தாங்கும், கடக்கரையில இருக்கவங்களுக்கு இத நான் சொல்ல வேண்டியதில்ல. மில்லிங்ல பல்லு வெட்டி, ஒவ்வொரு பல்லு ஓரத்தையும் அரத்தால லேசா மழுக்கியிருக்காரு. மாட்டி இழுத்தா கடக், கடக், கடக்குன்னு நாலாவது பல்லுல நச்சுன்னு நின்னுச்சு, திருப்புனா வெண்ணெய் மாதிரி உள்ள போச்சு. குறை ஒண்ணுதான், குறுக்குக் கட்டைய நீட்டமா வச்சுட்டாரு, கிளட்ச மிதிக்கும்போது முட்டியில இடிச்சுச்சு. சொன்னதும் மூஞ்சி லேசா சுருங்குச்சு, ஆனா அங்கேயே வெட்டி உருட்டிக் குடுத்துட்டாரு.

இவ்வளவும் ஆகி, கைப்பிடி நிக்குது, வண்டி நிக்கல. தள்ளுனா உருளுது. பாய் மகன் கீழ படுத்துப் பாத்துட்டு "அண்ணே, டிரம்முக்குள்ள ஆயில் மெதக்குது"ன்னான். டிரான்ஸ்பர் கேஸ் பின் சீல் போயி ஆயில் மொத்தமும் பிரேக் ஷூவுல. இந்த ஜீப்புக்கு இது பரம்பரை வியாதி, நான் மொதல்லயே பாத்திருக்கணும், புத்தியில்லாம கைப்பிடி கைப்பிடின்னு அலைஞ்சிருக்கேன். சீல் மாத்தி, ராம்நாட்ல லைனிங் புதுசா அடிச்சு மாட்டுன பிறகுதான் பாலத்து ஏத்தத்துல நிறுத்தி ரெண்டு காலையும் ஓய்வா வச்சிருந்தேன்.

பாய் வாங்குனது 1,800. பில்லு கிடையாது. ஆன்லைன் சாமான விட ஜாஸ்திதான், ஆனா அந்த 1,450 எனக்கு தண்டம்னு வச்சுப் பாத்தா கணக்கு வேற. போறவங்க தடைக்காலத்துல போகாதீங்க, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போயிருப்பாங்க, செட்டு பூட்டியிருக்கும். குழாவ கையோட கழட்டிக் கொண்டு போங்க, போட்டோவக் காட்டுனா பாய் போனத் திருப்பிக் குடுத்துடுவாரு. ஜிபே வாங்க மாட்டாங்க, காசா எடுத்துட்டுப் போங்க.