யமமோட்டோ சென்கோ 5 அங்குலம்: காசு உப்புக்குத்தான்

சென்கோ என்கிற இந்த மென்பிளாஸ்டிக் தூண்டில் இரையின் பாக்கெட்டைப் பிரித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கொடுக்கு இல்லை, கால் இல்லை, துடிக்கிற வால் இல்லை. மூடி கழற்றிய பால்பாயிண்ட் பேனா மாதிரி, இரண்டு முனையும் சிறுத்த பத்துக் குச்சிகள். பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளின் வீரர் கேரி யமமோட்டோ உருவாக்கிய இரை இது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு குச்சி ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் இந்தக் கனம் வராது. உள்ளே உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்திருக்கிறார்கள். நாம் கொடுக்கிற காசு அந்த உப்புக்குத்தான். சீக்கிரம் பிய்ந்துபோவதற்குக் காரணமும் அதே உப்புதான்.

படகைக் கட்டி நிறுத்தும் மேடைக்கு, அதாவது டாக்குக்கு அடியில் பிட்ச் போட, அதாவது இரையைக் கையிலிருந்து தாழ்வாக ஊசலாட்டி வீச, இது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். களமாக அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து லேக் ஆஃப் தி ஓசார்க்ஸை வைத்துக்கொள்வோம். ஓசேஜ் ஆற்றின் குறுக்கே 1931ல் கட்டி முடித்த பேக்னல் அணையால் உருவான ஏரி அது. கரையோரம் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு டாக். அவற்றில் பெரும்பாலானவை நுரை அடைத்த பெட்டிகளின் மேல் மிதப்பவை. மூலையிலிருந்து கரைக்கு இரும்புக் கேபிள் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடியில் 15, 20 அடி ஆழம் இருப்பது சாதாரணம். கோடையில் பாஸ் தரையோடு படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. பல நேரம் மிதவைக்குச் சற்றுக் கீழே, நிழலில் அந்தரத்தில் நிற்கும். அரை அவுன்ஸ் ஈயம் கட்டிய இரை அதன் மூக்கைத் தாண்டி ஒரு நொடியில் கீழே போய்விடும். சென்கோ அப்படிப் போகாது. எடை உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் படுத்தவாக்கிலேயே இறங்கும், இறங்கும்போது இரண்டு முனையும் லேசாக நடுங்கும். மீனை ஏமாற்றுவது அந்த நடுக்கம்தான், அதைத் தாண்டி இந்த இரையில் வேறு வித்தை கிடையாது.

அதனால் அந்த இறக்கத்தைக் கெடுக்கிற எதைச் செய்தாலும் காசு வீண். முதல் தப்பு, முன்னால் 3/8 அவுன்ஸ் ஈயக் குண்டு மாட்டுவது. மூக்கு குத்திட்டுக் கீழே போகும், நடுக்கம் போய்விடும். அப்படிப் போடுவதென்றால் பாதி விலைக்குக் கிடைக்கிற எந்தப் புழுவும் போதும். காற்று பலமாக அடித்தால் 1/16 அவுன்ஸ் வரை பரவாயில்லை. இரண்டாவது தப்பு இன்னும் பொதுவானது: தூண்டில் நரம்பைத் தொய்வில்லாமல் பிடித்திருப்பது. இரை விழுந்ததும் ரீலைப் பூட்டிவிட்டால் அது நேராக இறங்காமல் ஊசல் போல ஆடிப் படகை நோக்கி வந்துவிடும். நீங்கள் குறிவைத்தது மிதவையடி, இரை போய் நிற்பதோ ஐந்தடி தள்ளி வெட்டவெளியில். இரை தண்ணீரைத் தொட்டதும் ரீலிலிருந்து கையால் இரண்டு மூன்று அடி நரம்பை உருவி விடுங்கள். நரம்பு தண்ணீர் மேல் சுருள் சுருளாகக் கிடக்க வேண்டும். கண் அந்தச் சுருளிலேயே இருக்கட்டும். அது திடீரென நிமிர்ந்தாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, வழக்கமான நேரத்துக்கு முன்பே இறக்கம் நின்றாலோ மீன் வாயில் வைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாட்டுகிற முறை டெக்சாஸ் ரிக், அதாவது முள்ளின் நுனி இரைக்குள்ளேயே மறைந்திருக்கும் முறை. 4/0 அளவு அகலவளைவுத் தூண்டில் முள் இதற்குச் சரி. 5/0 போட்டால் முள்ளின் கனமே ஒரு பக்கம் சாய்த்துவிடும். மூக்கில் நேராகக் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கழுத்து வரை இழுத்து, திருப்புங்கள். முள்ளின் வளைவு உடம்பில் எங்கே வருகிறது என்று நகத்தால் அடையாளம் வைத்து, அங்கே குறுக்காகக் குத்தி மறுபக்கம் எடுத்து, நுனியை மட்டும் தோலுக்குள் செருகுங்கள். பிறகு தொங்கவிட்டுப் பாருங்கள், அம்பு மாதிரி நேராக இருக்க வேண்டும். நடுவில் சிறு கூன் இருந்தாலும் இழுக்கும்போது பம்பரமாகச் சுற்றும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். கழற்றித் திரும்பக் குத்தச் சோம்பல்படாதீர்கள்.

நரம்பு 15 முதல் 17 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன். ஈயமில்லாத 10 கிராமை பெயிட்காஸ்டர் ரீலில் (வீசும்போது நரம்புருளையே சுழலும் ரீல்) போடுவது ஆரம்பத்தில் எரிச்சலூட்டும். இறுக்கத் திருகைத் தளர்த்தி, கட்டைவிரலை எடுத்தால் இரை தானாக இறங்கும் அளவுக்கு வையுங்கள். அதற்கு மேல் தளர்த்தினால் சிக்குதான். 7 அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) கோலில், இரை ரீல் உயரத்துக்குத் தொங்கும்படி நரம்பை விட்டு, இரையை மறுகையில் ஏந்தி, கோல் நுனியைத் தாழ்த்தி மேலே தூக்கினால் அது நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் பறந்து போகும். விழும் முன் கட்டைவிரலால் ரீலை லேசாகத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். ‘தொப்’ என்று விழுந்தால் ஆழமில்லாத, தெளிந்த தண்ணீரில் அந்த டாக் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம்.

மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓரடிதான் இடைவெளி என்றால் பிட்ச் போதாது, தத்தவிட வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிகிற அதே கை: கோல் பக்கவாட்டில், தாழ்வாக, மேடை விளிம்புக்கு மூன்றடி முன்னால் முதல் தொடுகை. உருண்டையான, கனமான உடம்பு என்பதால் சென்கோ நன்றாகவே தத்தும். ஆனால் தண்ணீரில் மோதும் ஒவ்வொரு முறையும் மூக்கு முள்ளின் கழுத்திலிருந்து நழுவிக் கீழே சுருண்டுகொள்ளும். கழுத்தில் சிறு தடை வைத்த முள் வாங்கினால் பாதித் தொல்லை தீரும். மூக்கில் ஒரு சொட்டு சூப்பர் குளூ மீதியைத் தீர்க்கும்.

ஆனாலும் பிய்யும். உப்பு கூடக்கூடப் பிளாஸ்டிக்கின் பிடிப்பு குறையும், இதில் அதிசயமில்லை. ஒரு குச்சிக்கு இரண்டு மூன்று மீன் கிடைத்தால் திருப்திப்படலாம். மூக்கு கிழிந்தால் அந்த அரை அங்குலத்தைக் கிள்ளிவிட்டு மறுபடி குத்துங்கள். நடுவில் குத்துகிற வாக்கி முறைக்கு ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்கு அடியில் முள்ளைச் செருகுங்கள், ஆயுள் நன்றாகக் கூடும். கிள்ளிய துண்டைத் தண்ணீரில் வீசாமல் பையில் போடுங்கள். விழுங்கிய மீனுக்கு அது செரிக்காது.

விலை உறுத்துகிறவர்களுக்கு இதே வடிவிலான யம் டிங்கர் இரை இருக்கிறது. மலிவு, கொஞ்சம் அதிகம் உழைக்கும், ஆனால் இறங்கும்போது நடுக்கம் குறைவு. கலங்கிய தண்ணீரில், முட்டையிடும் பருவத்து ஆழமற்ற கரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தெளிந்த தண்ணீரில், ஆழமான மிதவை டாக்கில் தெரியும். டாக் சொந்தக்காரர்கள் மூழ்கடித்து வைத்திருக்கும் மரக்கிளைக் குவியலுக்குள் இறக்க மட்டும் சென்கோ வேண்டாம். அங்கே 3/8 அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டுடன் ஜூம் பிரஷ் ஹாக் போன்ற கால் கை வைத்த இரைதான் வேலை செய்யும்.

நிறத்தில் குழம்ப வேண்டாம். கறுப்புப் பொட்டு வைத்த கிரீன் பம்ப்கின், எண் 297, தெளிந்த தண்ணீருக்கு. நீலப் பொட்டு வைத்த கறுப்பு, எண் 021, கலங்கலுக்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் சாயம் ஏறிவிடும். இசட்-மேன் நிறுவனத்தின் இலாஸ்டெக் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் இரைகளோடு சேர்த்து வைத்தால் உருகிக் கூழாகிவிடும். வளைந்துபோன குச்சியை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, பலகையில் நேராகக் கிடத்தி ஆறவிட்டால் நிமிர்ந்துவிடும்.

கேபிளில் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். தெறித்து வரும் முள் முகத்துக்கோ, அடுத்தவர் படகு உறைக்கோ போகும். படகைக் கேபிளுக்கு நேர் மேலே கொண்டுபோய், எதிர்த்திசையில் மெல்ல ஆட்டினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழன்றதும் கடைசி மூன்றடி நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி, முள்ளைக் கட்டும் பாலோமார் முடிச்சைப் புதிதாகப் போட்ட பிறகே அடுத்த டாக்.