‘ஒரு பட்டி போட்டா தெரியாது சார்’

பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அம்மா பால்கனிக்குக் கூட்டிப் போய்விட்டார். காயப்போட்ட துணிக்கு நடுவே ஒரு காரைத் துண்டு கிடந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட், திருப்பினால் துரு நிறத்தில் கம்பியின் தடம். “போன வருஷமே சொன்னேன்ல, கொஞ்சம் உதிருதுன்னு.” சொல்லியிருந்தார். வீடியோ காலில் அது வெறும் கறையாகத்தான் தெரிந்தது.

கையில் இருந்தது மூன்று வார லீவு. எங்கள் பால்கனிக்குக் கூரை, மேல்வீட்டு பால்கனியின் தளம். ஆகவே தண்ணீரும் அவர்களுடையது, செலவும் அவர்களுடையது என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் ஆள் தேடினேன்.

முதலில் மேஸ்திரி. கூப்பிட்ட அன்று மாலையே வந்தார். அதற்கு முழு மார்க். அண்ணாந்து பார்த்தார். “உதிர்ந்த இடத்துல பூசி, ஒரு பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா தெரியாது சார். அரை நாள் வேலை.” தெரியாது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்து ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி ஆள், டேப்லெட்டும் கையுமாக. மேல்வீட்டு டைல்ஸைப் பெயர்க்காமலே கெமிக்கல் கோட்டிங், 10 வருட கியாரண்டி என்றார். கியாரண்டித் தாளை வாங்கிப் படித்தேன். ஸ்லாபில் விரிசல் இருந்தால் பொருந்தாதாம். விரிசல் இருப்பதால்தானே உங்களைக் கூப்பிட்டேன் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர் போனவர்தான்.

ஸ்ட்ரக்சரல் என்ஜினியர் ஆறு நாள் காக்க வைத்தார். வயதானவர். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்ப்ரே பாட்டில், ரசமட்டம், அவ்வளவுதான் சாமான். ஸ்டூலில் ஏறித் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங் என்று வந்த சத்தம் சுவரை நெருங்க நெருங்கப் பொத், பொத் என்றானது. பொத்தென்றால் உள்ளே காரை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை வளைத்து சாக்பீஸ் கோடு போட்டார். உதிர்ந்த இடத்தைவிட மூன்று மடங்கு பெரிது.

பிறகு ஓரத்தைக் கொத்தி, புதிதாக உடைந்த பரப்பில் பினால்ப்தலீன் அடித்தார். காரம் இருந்தால் ரோஜா நிறமாகும் திரவம். உள்ளே ஆழத்தில் பளிச்சென்று ரோஜா நிறம். கம்பியைச் சுற்றி மட்டும் நிறமே பிடிக்கவில்லை. காரத்தை அளக்கும் பிஎச், நல்ல கான்கிரீட்டில் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் கம்பிக்குக் கவசம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதை 9-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டால், ஈரம் பட்டதும் துரு தொடங்குகிறது. துரு, தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது காரையை நெட்டித் தள்ளுகிறது. துணிமேல் விழுந்தது அதுதான்.

“கீழ உதிர்றதைப் பார்த்து நீங்க பயப்படறீங்க தம்பி. எனக்கு மேலதான் பயம்” என்றார். அறையின் தளத்தில் நடுப்பகுதியைத் தாங்கும் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். சுவரிலிருந்து கை நீட்டியதுபோல நிற்கும் பால்கனியில் அது மேல்பக்கம், டைல்ஸுக்குச் சற்றுக் கீழே. தேங்கும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக முதலில் தொடுவது அதைத்தான். பாரம் அதிகம் விழுவதும் சுவரோரத்தில். அங்கே என்ன நடக்கிறது என்று டைல்ஸைப் பெயர்க்காமல் பார்க்க முடியாது. அடியில் எத்தனை பட்டி போட்டாலும் மேல்கம்பிக்கு ஒரு பயனும் இல்லை.

2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் அடுக்குமாடி பால்கனி முறிந்து 6 பேர் இறந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது மரச்சட்டம், ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதுவும் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட பால்கனிகளைக் காலமுறைப்படி சோதிக்க வேண்டும் என்று அதன் பிறகு அந்த மாநிலத்தில் சட்டமே வந்தது.

எங்களுடையது, மேல்வீட்டுடையது என்று இரண்டு பால்கனிகளையும் என்ஜினியர் அன்றே காலி செய்யச் சொல்லிவிட்டார். முட்டு கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு மாடிக்கு மட்டும் கொடுத்தால் பாரம் கீழ் பால்கனிமேல் இறங்கும், தரைவரை வரிசையாகப் போகணும் என்றார். எங்கே கசிகிறது என்று மேலே தண்ணீர் தேக்கிப் பார்க்கலாமா என்று அசோசியேஷன் செயலாளர் கேட்டார். 5 சென்டிமீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ. முட்டு இல்லாமல் அந்த விளையாட்டு வேண்டாம் என்று பதில் வந்தது.

மேல்வீட்டு அக்கா கதவைத் திறந்ததும் நான் தயாராக வைத்திருந்த முகத்தைப் போட்டுக்கொண்டேன். ரசமட்டம் வைத்ததில் வாட்டம் வெளிப்பக்கம் போகாமல் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் போகும் துளையில் காய்ந்த இலை. நான் தொண்டையைச் செருமுவதற்குள் என்ஜினியர், “உங்க பால்கனியையும் பார்த்துடலாமா?” என்றார்.

பார்த்தோம். அதே வாட்டம், அதே துளை, கூடுதலாக அம்மாவின் பதினொரு பூந்தொட்டிகள். கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வளையங்கள். அவர்கள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அசோசியேஷன் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைலாப்படி ஸ்லாப் பொது, டைல்ஸ் அவரவருடையது. அதற்கு நடுவில் போடும் வாட்டர்ப்ரூஃபிங் யாருடையது என்பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

நான் கிளம்பும்போது முட்டுகள் தரைவரை நின்றன. கொத்தும் வேலை தொடங்கவில்லை. தொட்டிகள் எல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டன. “சோஃபாவுக்குப் போக வழி இல்லடா” என்று அம்மா தினமும் போனில் சொல்கிறார்.