கழற்றி வைத்த டிரைவுகளில் ஃபைல் தேடுவது: எவ்ரிதிங்கோடு சில வருடங்கள்

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிரண்டு இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. அவை சேரச் சேர, ஒரு பழைய வீடியோவுக்காக ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தே பொழுது போய்விடும். இதில் கணினியோடு வரும் தேடல் வசதியை நம்ப முடியாது. உதாரணமாக, மேக்கின் ஸ்பாட்லைட் தன் அட்டவணையை அந்தந்த டிரைவிலேயே எழுதி வைக்கிறது. டிரைவைக் கழற்றினால் அட்டவணையும் கூடவே போய்விடும்.

விண்டோஸில் நான் வருடக்கணக்காகப் பயன்படுத்துவது வாய்டூல்ஸ் வெளியிடும் எவ்ரிதிங் என்ற ஃபைல் தேடும் மென்பொருள். இலவசம்தான். வேகத்துக்காக இதை வைத்திருப்பவர்கள் பலர். கழற்றிய டிரைவில் இருப்பதையும் இது காட்டும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. செட்டிங்ஸில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவுகளில் ஃபைல்களை அடுக்கும் வழக்கமான முறை) பகுதிக்குப் போய், இணைப்பில் இல்லாத டிரைவுகளைத் தானாக நீக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். அடுத்த முறை செருகும்போது, இடையில் நடந்த மாற்றங்களையும் தானே சேர்த்துக்கொள்ளும்.

தேடல் முடிவில் வெறும் 'ஈ' டிரைவ் என்று வந்தால் எந்த டிஸ்க்கை எடுப்பது? அதனால் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து கொடுத்து, அதே எழுத்தை டிஸ்க்கின் மேலும் ஒட்டி வைத்திருக்கிறேன். மென்பொருளை விட இந்த ஸ்டிக்கர்தான் எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவுகள் வேறு கதை. என்டிஎஃப்எஸ்ஸில் எல்லா ஃபைல்களின் விவரமும் இருக்கும் மூல அட்டவணையை எவ்ரிதிங் நேரடியாகப் படித்துவிடும். வேகத்தின் ரகசியமே அதுதான். எக்ஸ்ஃபேட்டில் அந்த வசதி இல்லை, ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்க வேண்டும். அவற்றுக்கு மட்டும் எவ்ரிதிங்கிலேயே ஃபைல் லிஸ்ட் (டிரைவில் உள்ள ஃபைல்களின் பட்டியல்) உருவாக்கி, அதைத் தேடலில் இணைத்துவிடுகிறேன். அந்த லிஸ்ட் தானாகப் புதுப்பிக்கப்படாது. எதையாவது சேர்த்தாலோ அழித்தாலோ, கழற்றுவதற்கு முன் மறுபடி எடுத்தாக வேண்டும்.

அந்த லிஸ்ட் பெயர், அளவு, தேதி எல்லாம் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சாதாரண டெக்ஸ்ட். நாளைக்கே இந்த மென்பொருள் இல்லாமல் போனாலும் எந்த எடிட்டரிலும் திறக்கலாம். ஒருமுறை ஒரு டிஸ்க் சுழலாமலே நின்றுவிட்டது. அதில் என்னென்ன இருந்தன, எவற்றுக்கு வேறு டிஸ்க்கில் பிரதி இருக்கிறது என்று லிஸ்ட்டுகளை ஒப்பிட்டே கண்டுபிடித்தேன். பிரதி இல்லாத ஃபோல்டர்கள் சிலவே என்று தெரிந்ததும், டேட்டா மீட்பவர்களிடம் அவற்றை மட்டும் கேட்க முடிந்தது.

தனி மென்பொருளே வேண்டாம் என்றால், விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டியில், ஃபைல்களைப் பட்டியலிடும் டிர் (dir) கட்டளையின் வெளியீட்டை டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கலாம். ஆனால் சும்மா எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். சிஎம்டியை '/யு' (cmd /u) சேர்த்துத் திறந்தால் யூனிகோடில் சரியாக வரும்.

எவ்ரிதிங்கில் எனக்கு இருக்கும் குறை, கழற்றிய டிரைவில் பெயர், அளவு, தேதி போன்றவற்றைத் தாண்டி ஃபைலுக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது என்பது. ஐஎம்ஜி, டிஎஸ்சி என்று கேமரா வைத்த பெயர்களோடு கிடக்கும் படங்களை அதில் தேடிப் பயனில்லை. புகைப்படம்தான் அதிகம் என்றால் விண்டோஸுக்கான வின்கேட்டலாக் பாருங்கள், சிறு படங்களையும் சேமித்து வைத்துக் காட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும். மேக்கில் இதே வேலைக்கு நியோஃபைண்டர் இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு இலவசமான விவிவி சரிப்படும், அது பாட்டு ஃபைல்களின் டேகையும் (பாடகர், ஆல்பம் போன்ற விவரங்கள்) படிக்கும். நான் இன்னும் எவ்ரிதிங்கிலேயே இருக்கிறேன். படங்களை டிஸ்க்கில் ஏற்றும்போதே ஃபோல்டர் பெயரில் வருடம், நிகழ்ச்சி, ஆட்களின் பெயர் மூன்றையும் எழுதிவிடுவதால் எனக்கு அது போதுமாக இருக்கிறது.