கூடம் நிஜமாகவே கோணல்தான்: செராமிக் ஸ்மோக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு

இரண்டு மாதமாகக் கோளாறு என் கையில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்ப வைத்தவர், எனக்கு அந்த செராமிக் கரி ஸ்மோக்கரை, அதாவது கரித் தணலின் மெல்லிய சூட்டில் இறைச்சியைப் புகையூட்டி மெதுவாகச் சமைக்கும் அடுப்பை, விற்றவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்ன பதில்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கும் இதே பதில்கள் வரலாம்.

வாங்கும்போது, காற்று போய்வரும் துளைகளான வென்ட்களைக் காட்டி அவர் சொன்னது இது: "கீழ் வென்ட்டை ஒரு விரல் அகலம் திறங்க, மேலே ஒரு கீற்று போதும். 110 டிகிரியில் போய் நின்றுவிடும். நீங்கள் போய்த் தூங்கலாம்."

இதில் பொய் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் செராமிக் அடுப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். சுவர் தடிமன், சூட்டை லேசில் வெளியே விடாது. அதனால் 110 டிகிரியைப் பிடித்து வைக்கச் சின்னத் தணல் போதும், அந்தத் தணலுக்குக் கொஞ்சூண்டு காற்று போதும். ஒருமுறை கரி நிரப்பினால் 12 மணி நேரத்துக்கு மேலேயே ஓடும். அவர் சொல்லாமல் விட்டது இதன் மறுபக்கத்தை. அவ்வளவு குறைந்த காற்றில் ஓடுகிற அடுப்புக்கு ஒரு சின்ன இடுக்குகூடத் திறந்து கிடக்கும் கதவு மாதிரி. மெல்லிய தகட்டு அடுப்பு சூட்டை இழந்துகொண்டே இருப்பதால் அதற்கு எப்படியும் நிறையக் காற்று வேண்டும். அங்கே இதே இடுக்கு அவ்வளவாகத் தெரியாது.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முள் 150-ஐத் தாண்டியது. இரண்டு வென்ட்டையும் கிட்டத்தட்ட மூடினேன், இறங்கவில்லை. பதற்றத்தில், மூடியைத் திறந்தால் சூடு தணியும் என்று திறந்தேன். காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்த தணல் குப்பென்று எழும்பி என் புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. சூடான செராமிக் அடுப்பை முதலில் ஒரு விரல் அளவு தூக்கி, மூச்சு விட வைத்து, பிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டுமாம். இதையும் யாரும் சொல்லவில்லை.

போன் செய்தேன். "ஒரேயடியாகக் கரி முழுக்கப் பற்ற வைத்திருப்பீர்கள்" என்றார். உண்மைதான், வைத்திருந்தேன். செராமிக் ஒருமுறை ஏறிவிட்டால் சுவர் குடித்த சூடு இறங்குவதற்குள் விடிந்துவிடும். ஒரே ஓரத்தில் கங்கு வைத்து, 90 டிகிரி வந்ததுமே வென்ட்டைச் சுருக்கத் தொடங்கினால்தான் 110-இல் பிடிக்க முடியும். அந்த ஒரு பாடத்துக்கு அவருக்கு நன்றி.

அப்படியே செய்தேன். இம்முறை மெதுவாக ஏறியது, ஆனாலும் ஏறியது. 140. இப்போது பதில்: "கரி சரியில்லை." அவரிடமே கரி வாங்கினேன். மாற்றம் இல்லை.

மூன்றாவது பதிலோடு ஒரு பெட்டியும் வந்தது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. கீழ் வென்ட்டில் பொருத்த ஒரு குட்டி ஃபேன், உள்ளே தட்டு மட்டத்தில் வைக்க ஒரு சென்சார். சூடு குறைந்தால் ஃபேன் ஊதும், வேண்டிய அளவு வந்ததும் நின்றுவிடும். "இதைப் போட்டால் உங்களுக்கு வேலையே இல்லை சார்." வாங்கிவிட்டேன். அந்த நேரத்தில் யாராவது மந்திரித்த தாயத்து கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் 0 சதவீதம். சூடு 124. கொஞ்ச நேரம் கழித்து 128. ஃபேன் இன்னும் 0. 133. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தக் கருவிக்கு ஊதத் தெரியும், அணைக்கத் தெரியாது. ஃபேன் ஊதாமலே தணல் வளர்கிறது என்றால் வேறு யாரோ ஊதுகிறார்கள்.

இரவு இரண்டு வென்ட்டையும் இறுக மூடிவிட்டுப் படுத்தேன். காற்றுப் புகாத அடுப்பு என்றால் தணல் மூச்சுத் திணறி அணைந்துவிடும், மிஞ்சிய கரியை அடுத்த முறை பயன்படுத்தலாம். காலையில் திறந்தால் பாதிக் கரி மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல்.

அப்புறம் இருட்டியதும் எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினேன். கீல் பக்கம் ஒரு பிறை அளவுக்கு வெளிச்சம். ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் நன்றாகப் பிடித்தது, பின்பக்கம் வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. மூடியே கோணலாக உட்கார்ந்திருக்கிறது! மூடியைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையைச் சரியாக மட்டம் பார்க்காமல் முறுக்கியிருக்கிறார்கள். பொருத்திவிட்டுப் போனது அவர்கள் அனுப்பிய ஆள்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்.

இன்னொன்றும் இருந்தது. சென்சார் 124 காட்டியபோது மூடியிலிருந்த தெர்மாமீட்டர் 110 காட்டியது. கேட்டதற்கு, "மூடியில் ஒரு சூடு, தட்டில் ஒரு சூடு இருக்கும், சகஜம்" என்றார். இதுவும் உண்மையே. ஆனால் அந்தத் தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் விட்டபோது 86-இல் நின்றது. 100 வர வேண்டும். (மலை மேல் இருந்தால் கொஞ்சம் குறையும். நான் மலை மேல் இல்லை.) ஆக முள் 110 காட்டிய நாட்களிலெல்லாம் உள்ளே 124 வாக்கில் இருந்திருக்கிறது. அவர் பதில்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஸ்மோக்கருக்குச் சரிதான். என் வீட்டில் நின்ற ஸ்மோக்கரை அவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

உத்தரவாதத்தைக் காட்டினேன். ஆயுட்கால உத்தரவாதம் செராமிக்குக்கு மட்டுமாம். மூடி விளிம்பில் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கும் கேஸ்கெட் நாடாவும் தெர்மாமீட்டரும் தேய்மானப் பொருட்களாம். பொருத்தியதில் கோளாறு என்றால், தீ மூட்டிய பிறகு திருப்பி எடுக்க முடியாதாம்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டார்ச், காகிதம், கொதிநீர் இந்த மூன்று சோதனைக்கும் தீ மூட்ட வேண்டிய அவசியமே இல்லை. பொருத்த வந்தவர் கிளம்பும் முன்பே அவர் கண்ணெதிரில் செய்துவிடுங்கள். பகலாக இருந்தால் ஒரு கனத்த போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டார்ச் வெளிச்சத்தைப் பாருங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியில் நானே சரிசெய்தேன். பட்டையின் நட்டுகளைத் தளர்த்தி, ஒரு நண்பரை மூடியைப் பிடிக்கச் சொல்லி, விளிம்போடு விளிம்பு பொருந்த உட்காரவைத்து முறுக்கினோம். மூடி பயங்கரக் கனம், ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியெடுத்துப் புதிதாக ஒட்டி ஒரு நாள் காய விட்டேன். வேறு தெர்மாமீட்டர் போட்டேன். அடுத்த முறை ஃபேன் இல்லாமலே 9 மணி நேரம் ஓடியது. 110-இலிருந்து நாலைந்து டிகிரிக்கு மேல் முள் நகரவில்லை.

அந்த ஃபேனையாவது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "அதில் கோளாறு எதுவும் இல்லையே சார்" என்றார். அதுவும் உண்மைதான்.