கூடாரம் பறந்த பிறகு வாங்கிய பாலிடனல்: நான்கு கோடை அனுபவம்

2022 பிப்ரவரி 18, யூனிஸ் புயல் அடித்த அன்று நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் பகல் டியூட்டியில் இருந்தேன். மறுநாள் காலை அலாட்மென்ட்டுக்கு, அதாவது காய்கறி போட வாடகைக்கு எடுத்த மனைக்கு ஓடினேன். செடி வளர்க்க நான் போட்டிருந்த கூடாரம் இருந்த இடத்தில் நசுங்கிய கொத்தமல்லிதான் மிச்சம். கூடாரம் மூன்று பாத்தி தாண்டி முள்வேலியில் சுருண்டு கிடந்தது. பச்சைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக், ஜிப் வைத்த கதவு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஒல்லிக் குழாய் என்று ஆன்லைனில் 115 பவுண்டுக்குக் கிடைக்கும் வகை. பதினோரு மாதம் தாங்கியது. அந்த ஒரே வாரத்தில் டட்லி, யூனிஸ், ஃபிராங்க்ளின் என்று மூன்று புயல். மூன்றாவது வருவதற்குள் மிச்சக் குழாயைப் பிரித்துக் கட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு வாங்கிய பாலிடனலைப் பற்றித்தான் இது. வளைவுக் குழாய்களின் மேல் பாலித்தீன் ஷீட் போர்த்தி, உள்ளே செடி வளர்க்கும் நீளக் கூடாரம் அது. இந்த ஊரில் வெண்டை, கத்தரி, புடலை, பாகல் வளர்க்க ஆசைப்படுகிற நம்மவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் போனில் சொல்லி முடியவில்லை.

முதலில் இடம். என்னுடையது ஐந்து ராட் அலாட்மென்ட்; ராட் என்பது இங்கே பழைய நில அளவு. பத்து ராட் என்பது முழு மனை, 250 சதுர மீட்டர்; எனக்கு அதில் பாதி. பாலிடனல் வைக்க அலாட்மென்ட் சங்கத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினேன். வீட்டுத் தோட்டத்தில் வைக்கிறவர்கள், எல்லைச் சுவரிலிருந்து 2 மீட்டருக்குள் வருகிறது என்றால் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் தனி அனுமதி இல்லாமல் கட்டுவதற்கு அதுதான் வரம்பு.

நான் வாங்கியது 10 அடி அகலம், 20 அடி நீளம். ஐந்தடிக்கு ஒன்றாக ஐந்து வளைவுக் குழாய், எல்லாம் துத்தநாகம் பூசிய இரும்பு. ஷீட் 720 கேஜ் கனம், அதாவது 180 மைக்ரான். வெயிலில் நொறுங்காத யுவி பக்குவம் செய்தது, உள்பக்கம் நீர் சொட்டாத வகை. குழாய், ஷீட், ஒரு பக்கக் கதவு, கொடி கட்டும் குறுக்குக் குழாய், ஃபோம் டேப் எல்லாம் சேர்த்து 690 பவுண்டு, டெலிவரி 45. மரச்சட்டம் வெளியே வாங்கியது 85. இது 2022 விலை. மார்ச்சில் ஆர்டர் கொடுத்து மே இரண்டாம் வாரம் வந்தது. பெட்டியில் இரண்டு கிளாம்ப் குறைந்தது. போன் செய்தேன், இரண்டாம் நாள் தபாலில் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். இதே அளவில், இதே கனத்தில் செய்து தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயரைக் கேட்பதைவிடக் குழாயின் விட்டம் எவ்வளவு, சுவர் கனம் எவ்வளவு, ஷீட் எத்தனை கேஜ், எத்தனை வருடம் கேரண்டி என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

அப்பா ஏப்ரல் கடைசியில் விசிட் விசாவில் வந்திருந்தார். எங்கள் ஊர் கம்பம் பக்கம். நாற்பது வருடம் திராட்சைப் பந்தலோடு இருந்த மனிதர். பெட்டியைப் பிரித்ததும் ஷீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, குழாயைத்தான் தட்டிப் பார்த்தார். "பந்தலுக்குக் கல்தூணுதான் காசு பாப்பா. கம்பி போனா மாத்திக்கலாம், தூணு போனா தோட்டமே போச்சு" என்றார். இதுவும் அதே கணக்குதான். குழாய் இருபது வருடத்துக்கு, ஷீட் ஐந்தாறு வருடத்துக்கு. காசு குறைவாக இருந்தால் நீளத்தைக் குறைத்து வாங்குங்கள், குழாய் கனத்தைக் குறைக்காதீர்கள்.

கட்டுவது இரண்டு பேருக்கு மூன்று வார இறுதி. அதில் முதல் நாள் முழுக்க அளப்பதிலேயே போனது, அது வீண் இல்லை. நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 10க்கு 20 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 22 அடி 4 அங்குலம் சொச்சம் வர வேண்டும். எங்களுக்கு முதலில் ஒரு பக்கம் மூன்று அங்குலம் கூடியது. இவ்வளவுதானே என்று நான் விடப் பார்த்தேன். அப்பா விடவில்லை, முளையைப் பிடுங்கி மறுபடி அடித்தார். கடைசியில் ஷீட் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

லெஸ்டர் மண் களிமண். அடிக்குழாயை இரண்டடி உள்ளே இறக்கச் சம்மட்டிதான். குழாய் வாயில் மரக்கட்டை வைத்து அதன் மேல் அடிக்க வேண்டும், நேராக அடித்தால் வாய் நசுங்கி வளைவுக்குழாய் உள்ளே போகாது. ஒவ்வொன்றுக்கும் கயிறும் ரசமட்டமும் பிடித்தோம்.

அப்புறம் பள்ளம். சுற்றிலும் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஷீட்டின் விளிம்பை அதில் இறக்கி மண்ணைப் போட்டு மூட வேண்டும். தோண்டச் சோம்பல்பட்டு, பக்கவாட்டில் மரச்சட்டம் வைத்து ஆணி அடிக்கும் முறையைக் கேட்டுப் பார்த்தேன். அதுவும் இருக்கிறது, கான்கிரீட் தரை என்றால் அதைத்தான் செய்ய முடியும். ஆனால் மண் இருக்கிற இடத்தில் பள்ளமே மேல் என்பது என் எண்ணம். அப்பா பழைய கூடாரத்தின் படத்தைப் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து மேல இருந்து அமுக்குறதில்ல. கீழ புகுந்துதான் தூக்கும். அடிய மூடு." பழைய கூடாரத்துக்கு நான் செய்யாமல் விட்டது அதைத்தான். நான்கு முளைக்குச்சியை நம்பி அதை விட்டிருந்தேன்.

வளைவுக்குழாய் நின்றதும் ஷீட் படும் முதுகு முழுக்க ஃபோம் டேப் ஒட்ட வேண்டும். வெயிலில் குழாய் சுடும், சுடும் இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் இற்றுப்போகும். காற்றில் உரசித் தேய்வதையும் டேப் தடுக்கும். தனியாக வாங்கினால் முப்பது பவுண்டு சொச்சம். பக்கத்து மனையில் டேப் இல்லாமல் போட்டவருக்கு மூன்றாம் வருடமே குழாய் ஓரமாகக் கீறல் விட்டது.

ஷீட் போட்டது ஜூன் முதல் வாரம், காற்றே இல்லாத ஒரு மத்தியானம். அதற்காக நான்கு நாள் காத்திருந்தோம். வெயிலில் ஷீட் இளகி நீளும், அப்போது இழுத்து மூடிவிட்டால் குளிர்ந்ததும் விறைத்துக்கொள்ளும். குளிர்நாளில் போட்டால் முதல் கோடையிலேயே தொங்கும். 24 அடி அகல ஷீட்டைப் புல்லில் விரித்து, எந்தப் பக்கம் உள்ளே என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அப்பா நடுவில் நின்று "மாப்பிள்ளை, கொஞ்சம் உங்க பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவுச் சட்டத்தில் மடிப்பு எடுப்பதுதான் கஷ்டம். சேலைக் கொசுவம் போல ஒரே அளவாக மடித்து, சட்டத்தில் மரப்பட்டை வைத்து ஆணி அடித்தேன். அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார்கள். மடிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். 90 பவுண்டு மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் கதவு வாங்கினேன். ஜூலை 19 வந்தது. பக்கத்து லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி, இந்த நாட்டில் அதுவரை பதிவாகாத சூடு. என் பாலிடனலுக்குள் தொங்கவிட்ட வெப்பமானி 51 வரை போயிருந்தது. தக்காளிப் பூ எல்லாம் காம்போடு உதிர்ந்து பாத்தியில் மஞ்சளாகக் கிடந்தது. கத்தரி இலை துவண்டு தண்டோடு ஒட்டிக்கொண்டது. வெண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே அப்பா பின்பக்க ஷீட்டைச் சதுரமாக அறுத்தார். மிச்சச் சட்டத்தில் கதவு கோத்து வலை அடித்தோம். இருபது அடி நீளத்துக்கு ஒரு வாசல் போதாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

விளைச்சலைச் சொல்கிறேன். விதையை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும். இங்கே கடையில் கிடைக்கும் பாக்கெட்தான். ஏப்ரலில் வீட்டு ஜன்னலோரம் முளைக்கவிட்டு, ஜூன் தொடக்கத்தில் உள்ளே நடுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் வெண்டை வாரம் ஒரு குழம்புக்கும் ஒரு பொரியலுக்கும் ஆகும். வெறும் தரையில் இந்த ஊரில் வெண்டை முழங்கால் உயரம்கூட வராது.

புடலைதான் என் சந்தோஷம். அதன் பூ சாயங்காலம்தான் விரியும், ஓரமெல்லாம் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து. இங்கே ஜூலையில் இருட்ட ஒன்பதரை ஆகிவிடும். வேலை முடிந்து நேராகப் போய், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைப்பேன். அந்த நேரத்தில் உள்ளே வர வேண்டிய அந்துப்பூச்சி வராது என்பதால் கையால்தான் செய்ய வேண்டும். பிஞ்சு ஒரு சாண் நீண்டதும் அப்பா நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல் தொங்கவிட்டார். பக்கத்து மனை இங்கிலீஷ் தாத்தா வந்து பார்த்துவிட்டு, எதற்குக் கல் என்று கேட்டார். காய் சுருளாமல் நேராக வரும் என்று விளக்கினேன். மறுவாரம் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லும் காயும் சேர்ந்த கனம் முழுக்கக் குறுக்குக் குழாயில்தான். அது இல்லாத பாலிடனலில் கொடிக்காய் வளர்க்க வழி இல்லை.

குளிர்காலத்தைப் பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. ஹீட்டர் இல்லாத பாலிடனல் இரவில் பெரிதாக ஒன்றும் காக்காது. வெளியே மைனஸ் 4 என்றால் உள்ளே மைனஸ் 2. கறிவேப்பிலைத் தொட்டியை அக்டோபர் தொடக்கத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் காற்றும் மழையும் படாததால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக் மூன்றும் உள்ளே நன்றாக நிற்கும். 2023 மார்ச்சில் பனி கொட்டியபோது உள்ளே நின்று மெத்தென்ற துடைப்பத்தால் ஷீட்டைத் தட்டித் தட்டி இறக்கினேன். வெளியிலிருந்து மண்வெட்டியால் வழிக்கக் கூடாது.

பராமரிப்பு அதிகம் இல்லை, ஆனால் தள்ளிப்போட முடியாது. மழை உள்ளே விழாது, கோடையில் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஊருக்குப் போகிற மாதம் ஆகஸ்ட் என்றால் யோசித்து வாங்குங்கள். உள்ளே சூடும் வறட்சியுமாக இருந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் வரும், இலை தூசு படிந்தது போல வெளுக்கும். காலையில் நடைபாதையில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்து ஈரம் வைத்தால் குறையும். அக்டோபரில் ஷீட்டின் வெளிப்பக்கம் பச்சைப்பாசி கட்டும். அம்மாவின் பழைய நூல் சேலையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, கூரைக்கு மேல் போட்டு, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் என் கணவரும் மாறி மாறி இழுப்போம். ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் திரும்பிவிடும். தை, மாசியில் கீரைக்குக் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பாசி தின்னவிடக் கூடாது. கிழிசலுக்குப் பாலிடனல் டேப் என்றே விற்கிறது; இடத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளேயும் வெளியேயும் ஒட்ட வேண்டும். மூங்கில் குச்சி குத்தி வந்த ஒரு ஓட்டை எனக்கு அப்படித்தான் இரண்டு வருடமாகத் தாங்குகிறது.

2024 டிசம்பர் 7 டாரா புயலன்று இரவு தூங்கவில்லை. விடிந்ததும் போனோம். பின்கதவின் கீல் ஒன்று கழன்றிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பள்ளத்து மண் அசையவே இல்லை.

ஷீட் கேரண்டி ஐந்து வருடம், 2027 ஜூன் வரை. புது ஷீட் மட்டும் வாங்கினால் போதும், சுமார் 150 பவுண்டு. ஃபோம் டேப்பையும் அப்போதே புதிதாக ஒட்டிவிடுவேன். பழையதை உரிக்க ஒரு நாள் தனியாக ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். குழாயில் இதுவரை ஒரு துளி துரு இல்லை.