கே6-2 போட்ட பிறகு ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: வோல்டேஜா, வேகமா, எஸ்எம்பிஎஸ்ஸா?

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சூப்பர் சாக்கெட் 7 வகை மதர்போர்டில் இருந்த பென்டியம் எம்எம்எக்ஸ் 233 பிராசசரைக் கழற்றிவிட்டு ஏஎம்டி கே6-2 500-ஐப் போடுகிறோம். பயாஸ் திரையில் 500 என்று வருகிறது, விண்டோஸ் 98-உம் திறக்கிறது. ஆனால் ஒரு கேமைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நீலத்திரை வருகிறது, இல்லையென்றால் சத்தமே இல்லாமல் ஹேங் ஆகிறது. இதற்கு மூன்று வைத்தியம் சொல்வார்கள்: வோல்டேஜை ஏற்று, வேகத்தைக் குறை, எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை) மாற்று. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வோல்டேஜை ஏற்றுவதைக் கடைசிக்குத் தள்ளுவேன். இந்த பிராசசருக்கு உரிய கோர் வோல்டேஜ் (அதன் உட்பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 2.2, 2.1 முதல் 2.3 வரைதான் ஏஎம்டி அனுமதிக்கும் எல்லை. வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஜம்பரை (போர்டில் அமைப்பை மாற்றும் சிறு செருகியை) 2.4-க்கு மாற்றினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் அதிகமாகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வோல்டேஜ் குறைந்த பிராசசர் என்பதால் போர்டுக்குச் சுமையும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. எம்எம்எக்ஸ் 233 அதிகபட்சம் சுமார் 17 வாட்டை 2.8 வோல்ட்டில் எடுக்கும், அதாவது 6 ஆம்பியர். கே6-2 500 சுமார் 21 வாட்டை 2.2 வோல்ட்டில் எடுக்கும், அது 9 ஆம்பியருக்கும் மேல். கரன்ட் ஒன்றரை மடங்கு. சாக்கெட் பக்கத்தில் இருந்து பிராசசருக்கான வோல்டேஜைத் தரும் ரெகுலேட்டரும், இருபத்தைந்து வயதைத் தாண்டிய கெபாசிட்டர்களும் இந்தச் சுமையைத் தாங்கியாக வேண்டும். ஏற்கெனவே திணறும் ரெகுலேட்டரிடம் இன்னும் கேட்பது வைத்தியம் ஆகாது.

வேகத்தைக் குறைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனால் அதைத் தீர்வாக எண்ணிப் போய்விடக் கூடாது, அது ஒரு சோதனை. பஸ் வேகத்தை (பிராசசர் போர்டோடு பேசும் வேகம்) ஒரு பெருக்கியால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். கே6-2-வில் 2x பெருக்கிக்கான ஜம்பர் 6x ஆக வேலை செய்யும். ஆகவே 400 மெகாஹெர்ட்ஸை இரண்டு விதமாகப் பெறலாம்: 6 × 66, அல்லது 4 × 100. இரண்டிலும் பிராசசர் இழுக்கும் கரன்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான், மாறுவது பஸ் வேகம் மட்டுமே. 66-இல் ஒழுங்காக ஓடி 100-இல் ஹேங் ஆனால், பிராசசரை விட்டுவிட்டு ரேமையும் போர்டில் உள்ள எல்2 கேஷையும் (ரேமைவிட வேகமான சிறு நினைவகம்) பாருங்கள். 66 மெகாஹெர்ட்ஸுக்கான பழைய பிசி66 ரேம் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. பயாஸில் எல்2 கேஷை அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டினால் கேஷா ரேமா என்பதும் பிரிந்துவிடும். இரண்டு 400-உம் நன்றாக ஓடி 500 மட்டும் விழுந்தால், சந்தேகம் கரன்ட், வெப்பம், அல்லது அந்த பிராசசர் மேலேயே. இரண்டிலும் விழுந்தால் கரன்ட் பக்கமிருந்து தொடங்குங்கள். ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவும் தெரியவரும்.

சரி, எஸ்எம்பிஎஸ்? கரன்ட்தான் சிக்கல் என்று தெரிந்த பிறகு இது சரியான இடம், ஆனால் புதியதை வாங்கிச் செருகினால் முடிந்தது என்று இல்லை. அந்தக் காலத்து போர்டுகள் பிராசசருக்கான சக்தியைப் பெரும்பாலும் 5 வோல்ட் லைனிலிருந்து எடுக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் 12 வோல்ட்டில் பலமானவை, 5 வோல்ட்டில் அவ்வளவு இல்லை. மைனஸ் 5 வோல்ட் லைனும் இப்போது கிடையாது. ஐஎஸ்ஏ என்னும் பழைய வகை ஸ்லாட்டில் செருகும் சில கார்டுகளுக்கு அது வேண்டும். ஆகவே வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுத்து, கம்ப்யூட்டர் சுமையில் ஓடும்போது ஹார்ட் டிஸ்க் கனெக்டரின் சிவப்பு வயரை அளந்து பாருங்கள். 4.75-க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்தான். 5 வோல்ட் திடமாக இருந்து பிராசசர் வோல்டேஜ் மட்டும் ஆடினால் போர்டின் கெபாசிட்டர்களை மாற்ற வேண்டும். தலை வீங்காத கெபாசிட்டரும் உள்ளே காய்ந்து போயிருக்கலாம். புதிதாகப் போடுபவை லோ-இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகையாக இருக்கட்டும்.

இதற்கிடையே விண்டோஸ் 95 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2-வில் பூட் ஆகும்போதே 'விண்டோஸ் ப்ரொடெக்‌ஷன் எரர்' வரலாம். அது ஹார்டுவேர் கோளாறு இல்லை. வேகமான பிராசசரில் ஒரு டைமிங் கணக்கு பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்றுவிடுகிறது. அதற்கென்றே பேட்ச் வந்திருக்கிறது.

பிராசசரையே மாற்றுவது என்றால் கே6-3+ நல்ல தேர்வு. 2.0 வோல்ட், 256 கேபி எல்2 கேஷ் உள்ளேயே இருப்பதால் போர்டின் கேஷ் சரியில்லை என்றால் அதை அணைத்துவிடலாம், வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் பயாஸ் ஆதரவு வேண்டும், விலையும் அதிகம். டாஸ் கேம்களுக்கு மட்டும் என்றால் எம்எம்எக்ஸ் 233-ஐயே திரும்பப் போடலாம். கோர் வோல்டேஜ் ஜம்பர் 2.8-க்குக் கீழே இறங்காத பழைய போர்டு என்றால் வேறு வழியே இல்லை, கே6-2-வை அதில் செருகவே வேண்டாம். மற்றபடி 4 × 100 உறுதியாக ஓடும் இயந்திரம் என்றால், கெபாசிட்டர் மாற்றும் வரை அதை 400-லேயே ஓட்டுவேன்.