ஒரே ஒரு கேரேஜ் ராக் ஆல்பம்தான் வாங்க முடியும் என்றால்: நான் சானிக்ஸை எடுத்த கதை

டர்ன்டேபிள் வாங்கிய பிறகு கையில் மிஞ்சியது ஒரே ஒரு ரெக்கார்டுக்கான காசு. வெளிநாட்டிலிருந்து எல்பி, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய ரெக்கார்டு, வரவழைத்தவர்களுக்கு அந்த விலை தெரியும், ஆசைப்பட்டதையெல்லாம் வாங்க முடியாது. கேரேஜ் ராக்கில் தலைசிறந்த ஆல்பம் எது என்று நானும் என் தம்பியும் பல வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் காசை எண்ணி வைக்க வேண்டும் என்று வந்தபோதுதான் நான் நிஜமாகவே எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று யோசித்தேன். மூன்று வாரம் ஆனது.

கடைசிச் சுற்றில் நின்றவை நான்கு. சானிக்ஸ் குழுவின் 'ஹியர் ஆர் தி சானிக்ஸ்' (1965), ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' (1970), லென்னி கே தொகுத்த 'நகெட்ஸ்' (1972), வைட் ஸ்ட்ரைப்ஸின் 'எலிஃபன்ட்' (2003). வாங்கியது சானிக்ஸ். இப்போது ஆறு மாதம் ஆகிறது, வாங்கியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேரேஜ் ராக் என்றால் என்ன என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1960களில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் கார் நிறுத்தும் ஷெட்டில் கூடி, கிட்டாரில் மூன்றே மூன்று கார்டை (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டை) வைத்துக்கொண்டு கத்தித் தீர்த்த இசை. 1963-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் கிங்ஸ்மென் பதிந்த 'லூயி லூயி'யிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். என்ன பாடுகிறார் என்று விளங்காமல், ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்பிஐ வரை விசாரித்த பாட்டு அது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இது ஆல்பத்துக்கான இசையே அல்ல. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு பாட்டு கொண்ட சின்ன ரெக்கார்டில்தான் இந்தக் குழுக்கள் வாழ்ந்தன. ஒரு பாட்டு உள்ளூர் வானொலியில் ஓடும், அப்புறம் ஒருவன் கல்லூரிக்குப் போவான், ஒருவன் ராணுவத்துக்குப் போவான், குழு கலைந்துவிடும். முழு நீள ஆல்பம் போட்டவர்களும் ஓடிய பாட்டைச் சுற்றி எதையோ வைத்து நிரப்பினார்கள். அதனால் 'சிறந்த கேரேஜ் ராக் ஆல்பம்' என்று கேட்டாலே பட்டியல் சுருங்கிவிடுகிறது.

இதற்கு விடையாக எல்லோரும் நீட்டுவது 'நகெட்ஸ்'. அந்தச் சின்ன ரெக்கார்டுகளிலிருந்து 27 பாட்டைப் பொறுக்கி இரண்டு எல்பியில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது. தொகுத்த லென்னி கே பின்னால் பேட்டி ஸ்மித்தின் கிட்டார்காரர் ஆனார். பங்க் என்று ஒரு முரட்டு ராக் இயக்கம் வருவதற்கு முன்பே 'நகெட்ஸ்' உறைக்குறிப்பில் பங்க் ராக் என்ற சொல்லை அவர் எழுதிவிட்டார். இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர் என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சீட்ஸ், கவுன்ட் ஃபைவ், ஸ்டேண்டல்ஸ், தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் எனக்கு அது ஆல்பமாகக் கேட்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு வேறு ஊர், வேறு ஸ்டூடியோ, வேறு சத்தம். ஒரு பாட்டின் சத்தத்துக்குள் காது போய் உட்காரும்போது அது முடிந்து அடுத்த வீட்டுக் கதவு திறக்கிறது. அதோடு அதில் எல்லாமே ஷெட்டிலிருந்து வந்ததும் இல்லை. ஸ்ட்ரேஞ்ச்லவ்ஸ் என்பவர்கள் ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்ட நியூயார்க் பாடலாசிரியர்கள் மூவர். பாட்டு அருமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. சானிக்ஸ் அந்த 1972 தொகுப்பில் இல்லவே இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

'எலிஃபன்ட்' தம்பியின் கட்சி. லண்டனில் டோ ராக் என்ற சின்ன ஸ்டூடியோவில், எட்டு டிராக் டேப்பில் (எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும் டேப்), கணினியே தொடாமல் பதிந்தது, அதை உறையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'செவன் நேஷன் ஆர்மி'யின் தொடக்கத்தில் பேஸ் கிட்டார் மாதிரி கேட்பது பேஸ் அல்ல, ஜேக் வைட் தன் கிட்டாரைப் பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிப்பது. மெக் வைட்டின் டிரம்ஸைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, அந்த அடியை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை. ஆனால் 14 பாட்டு, கிட்டத்தட்ட 50 நிமிடம், நடுவில் எனக்கு ஊசியைத் தூக்கி நகர்த்தத் தோன்றுகிறது. இன்னொன்று, 2002-ல் வேறு வசதியெல்லாம் இருந்தும் பழைய கருவியைத் தேடிப் போய்ப் பதிந்த ஆல்பம் இது. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேறு வழியே இல்லாதவர்கள் அதே கருவியில் பதிந்ததைக் கேட்ட காதுக்கு இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது, அளந்து கிழித்த மாதிரி.

கடைசிச் சுற்றுக்கு வராத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக்ஸின் 'இஸ் திஸ் இட்' நல்ல ஆல்பம், கேரேஜ் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஜெர்மனியில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஐந்து பேர் உச்சந்தலையை மழித்துத் துறவிகள் மாதிரி நின்று, கிட்டாரோடு பாஞ்சோவையும் ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) செருகி 1966-ல் வெளியிட்ட 'பிளாக் மங்க் டைம்' உலகத்தில் வேறெதைப் போலவும் இல்லை. அதை ஹெட்போனில் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை.

நிஜமான போட்டி 'ஃபன் ஹவுஸ்'தான். மிச்சிகன் மாநிலத்து ஸ்டூஜஸை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப் போய்ப் பதிந்தவர் டான் கலூச்சி. 'லூயி லூயி' பதிவில் கீபோர்டு வாசித்த கிங்ஸ்மென் பையன் அதே கலூச்சிதான். முதலில் கேட்டபோதே எனக்குப் புல்லரித்தது. கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பதியாமல், குழுவை ஒரே அறையில் மேடை மாதிரி நிற்க வைத்து, இக்கி பாப் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து அதில் நல்லதை எடுத்தார். ஏழே பாட்டு. 'டவுன் ஆன் தி ஸ்ட்ரீட்'டிலிருந்து 'டர்ட்' வரை ஒரு நொடிகூட வீண் இல்லை. ஸ்டீவ் மெக்கேயின் சாக்ஸபோன் இரண்டாம் பக்கத்தில் நுழையும்போது எல்லாம் கொந்தளிக்கிறது. இசையாக மட்டும் எடுத்தால் இது சானிக்ஸை விடப் பெரிய ஆல்பமாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

பிறகு ஏன் வாங்கவில்லை? சத்தம்தான். எங்கள் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. பக்கத்து வீட்டில் வயதானவர் இருக்கிறார், இரவு எட்டுக்கு மேல் வால்யூமைத் தாழ்த்தியே ஆக வேண்டும், எனக்கோ பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பதே எட்டுக்கு மேல்தான். 'ஃபன் ஹவுஸ்' உரக்க வைத்தால் மலை. தாழ்த்தி வைத்தால் பேஸ் தரைக்குள் போய்விடுகிறது, கிட்டார் மட்டும் தூரத்தில் கேட்கிறது. தம்பியின் ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தேன், அதே கதை. 'எலிஃபன்ட்' கொஞ்சம் தாங்கியது. சானிக்ஸை மட்டும் குசுகுசுப்பு மாதிரி வைத்தாலும் அது கத்துகிறது.

இது எப்படி என்று புரிய அந்தப் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சியாட்டிலுக்குத் தெற்கே டகோமா, பக்கத்தில் மெக்கார்ட் விமானப்படைத் தளம். ஒலியின் வேகத்தைத் தாண்டும் ஜெட்கள் வானத்தில் போடும் வெடிச்சத்தத்திலிருந்துதான் பையன்கள் குழுவுக்குப் பேர் வைத்தார்கள். லாரி பரிப்பா கிட்டார், ஆண்டி பரிப்பா பேஸ், ராப் லிண்ட் சாக்ஸபோன், பாப் பென்னட் டிரம்ஸ், பாட்டும் கீபோர்டும் ஜெர்ரி ராஸ்லி. அந்த ஊரிலேயே மூத்த குழுவான வெய்லர்ஸ் தொடங்கிய எடிக்வெட் என்ற சின்ன நிறுவனம் இவர்களை எடுத்தது. சியாட்டிலில் கியர்னி பார்ட்டனின் ஸ்டூடியோவில் பதிவு. இரண்டு டிராக் டேப், மொத்த டிரம்ஸுக்கும் ஒரே ஒரு மைக்.

இப்போதெல்லாம் டிரம்ஸுக்கு எட்டு, பத்து மைக் வைத்து ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்துவார்கள். ஒரே மைக் என்றால் அது டிரம்மை மட்டும் பிடிக்காது, அடி சுவரில் போய் மோதித் திரும்புவதையும் சேர்த்துப் பிடிக்கும், பக்கத்தில் நிற்கும் ஆம்ப்பின் சத்தமும் அதற்குள் கசியும். இரண்டே டிராக் என்பதால் பின்னால் உட்கார்ந்து சரிசெய்ய எதுவும் இல்லை, அந்த நேரத்தில் எப்படி விழுந்ததோ அதுதான் ரெக்கார்டு. பையன்களோ ஆம்ப்பை முழுசாகத் திருகி வைத்து வாசிக்கிறவர்கள். ஆண்டி ஐஸ் உடைக்கும் ஊசியால் ஸ்பீக்கரில் ஓட்டை போடுவார் என்று லாரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டேப் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சத்தத்தைத் திணித்தால் உச்சிகள் மழுங்கிவிடும், தாழ்ந்த சத்தத்துக்கும் உயர்ந்த சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும், ஓரங்கள் பிசிறும். நம் காது அந்தப் பிசிறை 'ரொம்ப உரக்க' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் என் ஸ்பீக்கரில் வால்யூம் இரண்டில் இருக்கும்போதும் பென்னட் அடுத்த அறையில் கதவை உடைக்கிற மாதிரி இருக்கிறது. அதே வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்த, நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இந்த டிரம்ஸ் சத்தத்தை ஒரு பேட்டியில் வியந்து பேசியிருக்கிறார். முதல் தடவை கேட்டபோது தம்பி "ரெக்கார்டு ரிப்பேராண்ணா?" என்றான். இல்லைடா, இதுதான் ரெக்கார்டு.

பதிவுதான் எல்லாம் என்று நான் மிகையாகச் சொல்வதாகத் தோன்றினால் இதே குழுவின் மூன்றாவது ஆல்பத்தைக் கேளுங்கள். ஜெர்டன் நிறுவனத்துக்கு மாறி, ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பாட்டுகளைப் பதிந்த பேர்பெற்ற இடம், பேர்பெற்ற பொறியாளர் லாரி லெவின். அங்கே புதிதாகப் பதிந்ததில் ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் சுத்தமாக நிற்கிறது, உயிரில்லை. குழுவுக்கே அது பிடிக்கவில்லை. 2015-ல் கிழவர்களாகத் திரும்பி வந்து புது ஆல்பம் போட்டபோது டெட்ராய்ட்டின் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஜிம் டயமண்டைப் பிடித்து மோனோவில், அதாவது எல்லாச் சத்தத்தையும் ஒரே தடமாகக் கலந்து, பதிந்தார்கள், அந்தப் பழைய மூர்க்கம் அதில் ஓரளவு திரும்பியிருந்தது.

பாட்டுக்கு வருவோம். பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எட்டு மற்றவர்களுடையவை, சொந்தப் பாட்டு நான்குதான்: 'தி விட்ச்', 'பாஸ் ஹாஸ்', 'சைக்கோ', 'ஸ்ட்ரிக்னைன்'. இந்த நான்கும் போதும் எனக்கு. 'தி விட்ச்'சில் கிட்டாரும் சாக்ஸபோனும் சேர்ந்து கீழ்ஸ்தாயியில் உறுமிக்கொண்டு வரும், நடுவில் டிரம்ஸ் மட்டும் உருண்டு விழும், அதற்கு மேல் ராஸ்லியின் அலறல். 'ஸ்ட்ரிக்னைன்' விஷம் குடிப்பதைப் பற்றிய பாட்டு: தண்ணீர், ஒயின் எல்லாம் மற்றவர்களுக்கு, எனக்கு இதுதான் ருசி என்கிறார். ஸ்ட்ரிக்னைன் வேறொன்றும் இல்லை, நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷமேதான். எட்டிக்காய் மாதிரிக் கசக்கிறது என்று சொல்லி வளர்ந்தவனுக்கு அதை ஒருவன் ரசித்துக் குடிப்பதாகப் பாடும்போது நாக்கே சுருங்குகிறது.

மற்றவர்களின் எட்டுப் பாட்டை நிரப்பல் என்று ஒதுக்குவார்கள். 'வாக்கிங் தி டாக்', 'நைட் டைம் இஸ் தி ரைட் டைம்' இரண்டையும் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் 'மணி', 'ரோல் ஓவர் பீத்தோவன்' இரண்டையும் பீட்டில்ஸும் 1963-ல் பதிந்திருக்கிறார்கள், பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், சானிக்ஸுக்கு முன்னால் அவர்கள் சீருடை போட்ட நல்ல பிள்ளைகள். 'ஹேவ் லவ் வில் டிராவல்' 'லூயி லூயி'யை எழுதிய அதே ரிச்சர்ட் பெர்ரியின் பாட்டு. அவர் அதை நிதானமாக, பின்குரல்களோடு பாடினார். சானிக்ஸ் அதற்குக் கரடுமுரடான கிட்டார், சாக்ஸபோன் தொடரைப் போட்டுத் தங்கள் சொத்தாகவே ஆக்கிவிட்டார்கள்.

அவர்களுடைய அடுத்த ஆல்பமான 'பூம்'தான் (1966) மேல் என்கிறவர்கள் நிறைய. அறைக்குள் ஒலி அடங்கக்கூடாது என்று ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பைப் பிய்த்துப் போட்டுப் பதிந்ததாகச் சொல்லப்படும் ஆல்பம். 'ஹீஸ் வெயிட்டிங்' என்ற ஒரு பாட்டுக்காகவே அந்தக் கட்சிக்கு மாறலாமா என்று தோன்றும். அதை எல்பியில் கேட்டதில்லை, போனில் கேட்டதை வைத்து இந்தப் பந்தயத்தில் இறக்க எனக்கு மனமில்லை. என்னிடம் இருப்பதும் 1965 ரெக்கார்டு அல்ல, நார்ட்டன் நிறுவனத்தின் மறுபதிப்பு. முதல் பதிப்பில் கேட்டவர்கள் இன்னும் கனமாக இருக்கும் என்கிறார்கள், இருக்கலாம்.

நல்ல ஸ்பீக்கரும் தனி வீடும் இருக்கிறவர் 'ஃபன் ஹவுஸ்' வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். அடுத்த எல்பிக்குக் காசு சேர்ந்தால் நான் வாங்கப்போவதும் அதைத்தான், பக்கத்து வீட்டுத் தாத்தா மகள் வீட்டுக்குக் கிளம்புகிற நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன். அதுவரை இரவு எட்டரைக்கு முதல் பக்கம், வால்யூம் இரண்டில்.